உழைத்துப் பழசான சரக்கு விமானங்கள்: மாடல் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

புரொப்பெல்லர் சரக்கு விமான மாடல்களைச் சேகரிக்க ஆசைப்படுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நிஜ விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். "டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-6 ஒன்று வேண்டும்" என்று இறங்கினால் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுவீர்கள். "இந்தப் பதிவெண் கொண்ட டிசி-6, இந்த நிறுவனத்திடம் இருந்த காலத்தில், இந்தப் படத்தில் நிற்கிற மாதிரி" என்று இறங்கினால் கை தானாகவே கட்டுப்படும். எதை வாங்குவது, எதை விடுவது என்று அந்த ஒரு படமே சொல்லிவிடும்.

பயணிகள் விமானங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே ரக விமானங்கள் வரிசையாக நின்றால் பதிவெண்ணைத் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய சரக்கு விமானம் பல கை மாறி வந்திருக்கும். யாரோ ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். யாரோ பக்கவாட்டில் பெரிய கதவு வெட்டியிருப்பார்கள். ஒரு என்ஜினின் மூடி வேறொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியதாக இருக்கும்; அதன் நிறமே தனியாக இருக்கும். முந்தைய நிறுவனத்தின் பெயர் புதுப் பெயிண்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியும். இந்தத் தழும்புகளுக்காகத்தான் நான் இதைச் சேகரிக்கிறேன்.

ஒரு உதாரணம். 42-92847 என்ற ராணுவ எண் கொண்ட சி-47 (டிசி-3 என்ற இரட்டை என்ஜின் விமானத்தின் ராணுவ வடிவம்). 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பாராசூட் வீரர்களை இறக்கப் போன முக்கிய அணிக்கு முன்னால் பறந்தது இதுதான். மூக்கருகே எழுதியிருந்த பெயர் "தட்ஸ் ஆல், பிரதர்". போர் முடிந்ததும் தனியாருக்கு விற்கப்பட்டு, பல உரிமையாளர்களிடம் உழைத்து, கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷில் உள்ள பாஸ்லர் நிறுவனத்தின் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு டர்போபிராப் (ஜெட் போன்ற சுழலியால் புரொப்பெல்லரைச் சுற்றும் என்ஜின்) மாட்டுவதற்காக அங்கே காத்து நின்றது. அதன் வரலாறு தெரியவந்த பிறகு, 2015-ல் கமெமொரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் என்ற அமைப்பு அதை வாங்கி, பழையபடி மாற்றி, 2018-ல் மீண்டும் பறக்கவைத்தது. அடுத்த ஆண்டு அதே விமானம் நார்மண்டிக்கே போய் வந்தது. இந்த ஒரே விமானத்துக்கு மூன்று மாடல் வைக்கலாம்: போர்க்கால வண்ணத்தில் ஒன்று, தனியார் காலத்தில் ஒன்று, புதுப்பித்த பிறகு ஒன்று. அதன் பக்கத்தில், அது ஆகியிருக்கக்கூடிய பாஸ்லர் பிடி-67 ஒன்றையும் வைத்தால் பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். இறக்கைக்கு முன்னால் உடல் சுமார் ஒரு மீட்டர் நீண்டிருக்கும், என்ஜின் மெலிந்து நீண்டிருக்கும், புரொப்பெல்லரில் ஐந்து பிளேடு.

எந்தக் குடும்பத்தில் தொடங்குவது

எல்லாவற்றையும் சேகரிக்க முடியாது. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது டக்ளஸ் வரிசை. 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த டிசி-3, அதன் ராணுவ வடிவமான சி-47, நான்கு என்ஜின் டிசி-4, பிறகு டிசி-6, டிசி-7. வரிசையாக வைத்தால் ஒரு தலைமுறை இன்னொன்றாக வளர்வது கண்ணுக்குத் தெரியும். 1948-49-ல் தரைவழி அடைக்கப்பட்ட மேற்கு பெர்லினுக்கு நிலக்கரியும் மாவும் ஏற்றிக்கொண்டு இடைவிடாமல் பறந்த விமானங்களில் பெரும்பங்கு டிசி-4-ன் ராணுவ வடிவமான சி-54. இந்த வரிசையில் டிசி-7 கடைசியாக வந்தது, வேகமும் அதிகம். ஆனாலும் நீண்ட காலம் சரக்கு ஏற்றியது டிசி-6 தான். டிசி-6-ன் ஆர்-2800 என்ஜின் நம்பகமானது. டிசி-7-ன் ஆர்-3350 டர்போ காம்பவுண்ட் என்ஜினுக்குப் பராமரிப்பு ஓயாது. டிசி-7 வைத்திருந்தவர்கள் அதைச் சீக்கிரம் கழித்துவிட, அலாஸ்காவின் எவர்ட்ஸ் நிறுவனம் டிசி-6-ஐயும் இரட்டை என்ஜின் கர்டிஸ் சி-46-ஐயும் வைத்துக்கொண்டு இந்த நூற்றாண்டிலும் தொலைதூரக் கிராமங்களுக்கு எரிபொருளும் சாமானும் கொண்டுபோனது. வட கனடாவில் பஃபலோ ஏர்வேஸும் அப்படித்தான். அவர்களுடைய பச்சை நிற டிசி-3 மாடல் எந்த அலமாரியிலும் தனியாக எடுத்துக்காட்டும்.

இன்னொரு வழி, சரக்கு ஏற்றும் முறையை வைத்துச் சேகரிப்பது. மூக்கு இரண்டாகத் திறக்கும் பிரிஸ்டல் ஃப்ரெய்ட்டர். டிசி-4-ன் விமானி அறையை மேலே தூக்கி, மூக்கு வழியாகக் கார் ஏற்றும்படி மாற்றிய கார்வேர். மொத்தமே 21 தான் செய்தார்கள். வாலே பக்கவாட்டில் திறக்கும் கனடேர் சிஎல்-44. மூக்குப் பகுதி முழுவதும் கீல் போட்டுத் திரும்பும் சூப்பர் கப்பி. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெரிய பொருளை விமானத்துக்குள் எப்படி நுழைப்பது என்ற ஒரே கேள்விக்கு நான்கு விடை. இந்த வகைக்குத் திறக்கும் கதவுள்ள மாடல் கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது, சோவியத் நாட்டில் உருவான அன்டோனோவ் விமானங்கள். ஏஎன்-12, ஏஎன்-26, ஏஎன்-32, எல்லாவற்றுக்கும் மேலே ஏஎன்-22. ஏஎன்-22-ல் ஒவ்வொரு என்ஜினிலும் இரண்டு புரொப்பெல்லர் எதிரெதிராகச் சுற்றும். முன்னதன் பிளேடு ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் பின்னது மறுபக்கம் முறுக்கியிருக்க வேண்டும். மட்டமான மாடலில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அளவு

1:72 என்றால் நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு. சி-47-ன் இறக்கை முனைக்கு முனை 29.1 மீட்டர். அது 1:72-ல் 40 சென்டிமீட்டர், 1:144-ல் 20, 1:200-ல் 14.5, 1:400-ல் 7.3. நான்கு டர்போபிராப் கொண்ட அமெரிக்க ராணுவச் சரக்கு விமானமான சி-130 ஹெர்குலிஸ் 1:72-ல் 56 சென்டிமீட்டர் வரும். ஏஎன்-22-ஐ 1:72-ல் வாங்கினால் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் இடம் வேண்டும். அதற்குத் தனி மேஜையே போட வேண்டியிருக்கும்.

நான் பரிந்துரைப்பது 1:200. சி-47 கையில் பிடிக்கிற அளவுக்கு இருக்கும், ஏஎன்-22-ம் 32 சென்டிமீட்டரில் அலமாரிக்குள் அடங்கும். ஹாபி மாஸ்டர் இந்த அளவில் டிசி-3, டிசி-6, லாக்ஹீட் எலெக்ட்ரா (நான்கு டர்போபிராப் விமானம்) செய்திருக்கிறது. ஹெர்பாவிலும் சில கிடைக்கும். 1:400-ல் விதவிதமான வண்ணங்கள் அதிகம், ஏரோகிளாசிக்ஸ் பழைய புரொப்பெல்லர் விமானங்களில் கெட்டி. ஆனால் அந்த அளவில் அடைத்த ஜன்னலின் விளிம்பும் கதவின் கீலும் கண்ணுக்குப் பிடிபடாது, எனக்கு வேண்டியதே அவைதான். எந்த அளவானாலும் சரி, ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். சிறிய அளவில் செய்த ஹெர்குலிஸ் பக்கத்தில் பெரிய அளவில் செய்த டிசி-3 நின்றால் இரண்டும் கெட்டுவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தேர்ந்தெடுத்த விமானத்தின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு மாடலைப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், முடிந்தால் மேலிருந்து ஒன்று. படம் எடுத்த ஆண்டு தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதே விமானம் ஐந்து வருடம் கழித்து வேறு மாதிரி இருக்கும்.

முதலில் கதவு. சி-47-க்கு உடலின் பின்பகுதியில் இடப்பக்கம் அகலமான இரட்டைக் கதவு உண்டு. பயணிகளுக்காகக் கட்டிய டிசி-3-ல் சிறிய கதவு. ஆரம்ப கால அமெரிக்க விமானங்கள் சிலவற்றில் அது வலப்பக்கம் இருக்கும். சோவியத் நாட்டில் உரிமம் பெற்றுக் கட்டிய லி-2-விலும் பயணிகள் கதவு வலப்பக்கம். சில தயாரிப்பாளர்கள் ஒரே அச்சை வைத்துக்கொண்டு எல்லா வண்ணத்தையும் அடித்துவிடுவார்கள். சரக்கு நிறுவனத்தின் பெயர் இருக்கும், சரக்குக் கதவு இருக்காது. அப்படிப்பட்டதை நான் வாங்குவதில்லை.

அடுத்து ஜன்னல். டிசி-4-ல் ஜன்னல் உருண்டை வாட்டம், டிசி-6-ல் சதுர வாட்டம். சரக்குக்கென்றே கட்டிய டிசி-6ஏ-வில் வரிசை ஜன்னலே இல்லை. பயணிகள் விமானமாகப் பிறந்து சரக்குக்கு மாறியதில் ஜன்னல் இருந்த இடத்தில் தகடு இருக்கும், அதன் விளிம்பு தெரியும். நல்ல மாடலில் அந்த விளிம்பை மெல்லிய கோடாக அச்சிட்டிருப்பார்கள். மோசமானதில் ஜன்னல்மேல் வெள்ளை அடித்து முடித்திருப்பார்கள்.

புரொப்பெல்லரில்தான் நிறைய விஷயம் இருக்கிறது. டிசி-6-க்கு மூன்று பிளேடு, டிசி-7-க்கு நான்கு. தூரத்திலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல இது போதும். சி-46-ல் மூன்று பிளேடும் உண்டு, நான்கு பிளேடும் உண்டு. உங்கள் விமானத்தின் படம்தான் தீர்ப்பு. 1954-ல் முதலில் பறந்த ஹெர்குலிஸுக்கு மூன்று பிளேடு, அப்புறம் வந்த ரகங்களுக்கு நான்கு, ஜே ரகத்துக்கு வளைந்த ஆறு. எச் ரகத்தில் சிலவற்றுக்கு எட்டு பிளேடுள்ள புதிய புரொப்பெல்லர் மாட்டியிருக்கிறார்கள். ஆக, பிளேடை எண்ணினாலே அந்த மாடல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மெல்ல விரலால் சுற்றிப் பாருங்கள். தள்ளாடாமல் சுற்ற வேண்டும், பிளேடு என்ஜின் மூடியில் உரசக் கூடாது. அமெரிக்க என்ஜின்கள் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். பிளேடின் முறுக்கு அதற்கு ஒத்துப்போக வேண்டும், எதிராக மாட்டியிருந்தால் நிஜத்தில் அது பின்னோக்கித்தான் இழுக்கும்.

ஏஎன்-26 வாங்கினால் வலது என்ஜின் கூட்டின் பின்முனையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய ஜெட் என்ஜின் ஒளிந்திருக்கிறது. புறப்படும்போது உதவி செய்யும், தரையில் மின்சாரம் தரும். அதன் வாய் வலப்பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும். இரண்டு கூடும் ஒரே மாதிரி இருந்தால் செய்தவர் நிஜ விமானத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பழைய மாடலை இன்னொருவரிடமிருந்து வாங்கும்போது அடிப்பகுதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆன்டெனா ஒடிந்திருப்பது, சக்கரக் கால் ஒட்டப்பட்டிருப்பது எல்லாம் அங்கேதான் தெரியும். உலோக மாடலில் பெயிண்ட் கொப்பளித்தோ மயிரிழை போல வெடித்தோ இருந்தால் தொடாதீர்கள். துத்தநாக உலோகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உள்ளேயே அரித்துக்கொண்டு வரும், ஈரப்பதம் பட்டால் வேகமாகும், அதற்கு வைத்தியம் கிடையாது.

கிட் கட்டுவது

நீங்கள் தேர்ந்தெடுத்த விமானம் ஆயத்த மாடலாக வராமலே போகலாம், பெரும்பாலும் அப்படித்தான். அப்போது பிளாஸ்டிக் கிட்தான் (துண்டுகளை நாமே ஒட்டிக் கட்டும் பெட்டி) வழி. 1:72-ல் சி-47-க்கு ஏர்ஃபிக்ஸ், சி-119 என்ற ராணுவச் சரக்கு விமானத்துக்கும் ஹெர்குலிஸுக்கும் இட்டாலெரி, ஏஎன்-12-க்கு ரோடன். 1:144-ல் டிசி-4, டிசி-6-க்கு மினிகிராஃப்ட்.

கட்டும் முறை பெட்டியிலேயே இருக்கிறது. அதில் இருக்காத சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன். வால் சக்கரம் உள்ள டிசி-3-ம் சி-46-ம் தானாக நிற்கும். மூக்குச் சக்கரம் உள்ள டிசி-4, டிசி-6 மூக்கில் எடை வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். (நிஜ டிசி-4-க்கும் சரக்கு ஏற்றும்போது வாலுக்கு அடியில் ஒரு கம்பு முட்டுக் கொடுப்பார்கள். அதை மாடலில் வைத்தால் அழகாகவே இருக்கும்.) எடைக்கு ஈயக் குண்டும் வெள்ளைப் பசையும் சேர்த்து வைக்காதீர்கள். அந்தப் பசையின் அமிலம் ஈயத்தை மெதுவாக உப்பவைத்து, சில வருடத்தில் மூக்கையே பிளந்துவிடும். எஃகு உருண்டையும் எபாக்சியும் பாதுகாப்பானவை. ரப்பர் டயர் வந்தால் தூக்கி வைத்துவிட்டு பிளாஸ்டிக் டயர் போடுங்கள். மென்மையான ரப்பரிலிருந்து கசியும் ரசாயனம் சக்கரத்தின் பிளாஸ்டிக்கை இளக்கும்.

பழைய கிட்டில் டெக்கால் (மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னங்களின் தாள்) மஞ்சளாகியிருந்தால் வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள், மஞ்சள் வெளுத்துவிடும். டெக்கால் ஒட்டும் முன் பளபள வார்னிஷ் அவசியம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும்.

அழுக்கு

கடையிலிருந்து வரும் மாடல் தொழிற்சாலை வாசலில் நிற்கும் விமானம். உழைத்த விமானம் வேண்டுமென்றால் அழுக்கை நீங்கள்தான் போட வேண்டும். விலை மதிப்பு குறையும் என்று பலர் தயங்குவார்கள். விற்கும் எண்ணம் இருந்தால் தொடாதீர்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் தயங்காதீர்கள்.

எந்த எரிபொருள் எந்தக் கறை விடும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். பிஸ்டன் என்ஜின் ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் ஓடும். அதன் புகை படிந்த இடம் எப்போதும் கறுப்பாக இருக்காது. எரிபொருள் குறைவாகக் கலந்து நீண்ட நேரம் பறந்தால் வெளிர் சாம்பலும் பழுப்புமாகப் படியும், நடுவில் வெளிறி ஓரத்தில் கருத்திருக்கும். டர்போபிராப் ஓடுவது மண்ணெண்ணெய் வகை எரிபொருளில். அது விடுவது கரி. ஹெர்குலிஸுக்கும் எலெக்ட்ராவுக்கும் கறுப்புப் பொடி சரி. டிசி-6-க்கு அதையே தடவினால் பொய்யாகத் தெரியும்.

நான் செய்வது இப்படி. உலர்ந்த பாஸ்டல் சாக்கைக் கத்தியால் சுரண்டிப் பொடியாக்குவேன்: வெளிர் சாம்பல், பழுப்பு, கொஞ்சம் கறுப்பு. சின்னத் தட்டைத் தூரிகையால் புகைக்குழாய் வாயில் தொடங்கி, காற்று போகும் திசையில், இறக்கையின் பின்விளிம்பை நோக்கி இழுப்பேன். தொடக்கத்தில் அடர்த்தி, போகப்போக மெலிய வேண்டும். பிறகு எண்ணெய். ரேடியல் என்ஜினில் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த பிஸ்டன் என்ஜின்) எண்ணெய் கசிவது நோய் கிடையாது, அதன் சுபாவம். என்ஜின் மூடியின் பின்பக்கம் காற்று வெளியேறும் மடல்களின் இடுக்கில் அடர் பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை ஊசி முனையில் ஒரு புள்ளி வைத்து, ஒயிட் ஸ்பிரிட் (எண்ணெய்ச் சாயத்தைக் கரைக்கும் திரவம்) தொட்ட தூரிகையால் பின்னோக்கி ஒரே இழுப்பு. அடிப்பக்கம் அதிகம், மேல்பக்கம் கொஞ்சம். நான்கு என்ஜினையும் ஒரே மாதிரி அழுக்காக்காதீர்கள். சமீபத்தில் மாற்றிய என்ஜின் சுத்தமாக இருக்கும், பக்கத்தில் உள்ளது ஒழுகிக்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

ஆயத்த மாடலில் இதைச் செய்யும் முன் அடிப்பகுதியில் ஒரு ஓரத்தில் ஒயிட் ஸ்பிரிட் அச்சிட்ட வண்ணத்தைக் கரைக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பொடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே வார்னிஷ் அடிக்காதவரை ஈரத் துணியால் துடைத்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

பாதுகாப்பும் குறிப்பேடும்

நேர் வெயில் படாத, கண்ணாடிக் கதவுள்ள அலமாரி போதும். ஈரப்பதம் உள்ள இடமென்றால் சிலிக்கா ஜெல் பை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் மூக்கிலிருந்து வால் பக்கமாகத் தட்டுங்கள், ஏனென்றால் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், எதிர்த் திசையில் தூரிகை மாட்டி இழுக்கும். கேமராவுக்கான ரப்பர்ப் பந்து ஊதி நல்லது. அழுத்தக் காற்று டப்பா வேண்டாம், புரொப்பெல்லரைப் பேய்வேகத்தில் சுற்றவிட்டு அச்சை உடைத்துவிடும். பெட்டியையும் உள்ளிருக்கும் அச்சுத் தட்டையும் மடித்தாவது வையுங்கள், வீடு மாறும்போது வேறெதுவும் அதற்கு ஈடாகாது.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: பதிவெண், கட்டுமான எண், எந்த நிறுவனம், மாடல் காட்டும் ஆண்டு, ஆதாரமான படம் எங்கே கிடைத்தது, மாடலில் நீங்கள் மாற்றியது என்ன. பதிவெண் நாடு மாறினால் மாறும். கட்டுமான எண் விமானத்தோடு பிறந்தது, கடைசிவரை மாறாது. ஒரு விமானத்தின் பழைய வாழ்க்கையைத் தேட அதுதான் சாவி. விபத்தில் போனதா, உதிரிப் பாகத்துக்காக உரிக்கப்பட்டதா, அருங்காட்சியகத்தில் நிற்கிறதா என்பதையும் தெரிந்த அளவில் எழுதிவையுங்கள்.

இப்போது தொடங்குபவர் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த ராணுவச் சரக்கு விமானமான டிரான்சால் சி-160-ஐயும் யோசிக்கலாம். 1963-ல் முதலில் பறந்தது. ஜெர்மனி 2021-லும் பிரான்ஸ் 2022-லும் ஓய்வு கொடுத்தன. இறுதி ஆண்டுகளின் படங்கள் ஏராளமாக, தெளிவாக, தேதியோடு கிடைக்கின்றன. நான்கு பிளேடு ஹெர்குலிஸ்களும் ஒவ்வொரு படையிலிருந்தாகக் குறைந்துகொண்டே வருகின்றன. விமானக் கண்காட்சியிலோ ஓடுதள ஓரத்திலோ ஒன்றைப் பார்க்க வாய்த்தால், முழு விமானத்தை ஒரு படம் எடுத்துவிட்டு, என்ஜின் கூடுகளின் இரு பக்கத்தையும், சரக்குக் கதவின் கீலையும், வால் பக்கத்துப் பெயிண்டையும் தனித்தனியாக எடுத்துவையுங்கள். மாடல் செய்ய உட்காரும்போது தேவைப்படுவது அந்தப் படங்கள்தான்.